மைல்ஸ்ங்கறது பரிசு இல்ல, கமிஷன் (நீண்ட த்ரெட்)

வழக்கமா சுகர், பிபி, டெங்கு பத்தி எழுதுற ஆள் இன்னைக்கு விமானக் கம்பெனிகளோட பாயிண்ட்ஸ் பத்தி எழுதப் போறேன். நீளம் அதிகம். டீ எடுத்துட்டு வந்து உக்காந்து படிங்க.

போன வாரம் நைட் டியூட்டி. மூணு மணி இருக்கும், கேஸ் இல்லாத நேரம். கூட இருந்த ஜூனியர் டாக்டர் ஃபோனை நீட்டி, "அண்ணா, 11,000 பாயிண்ட்ஸ் சேந்துருச்சு பாருங்க"ன்னார். ஒரு விமானக் கம்பெனியும் ஒரு வங்கியும் சேர்ந்து கொடுக்கிற கிரெடிட் கார்டு. மூணு மாசத்தில் ஒன்றரை லட்சம் செலவு பண்ணா போனஸ் பாயிண்ட்ஸ்.

கடைசி வாரத்தில் இலக்குக்கு இருபத்தஞ்சாயிரம் குறைஞ்சிருக்கு. அதை எட்டுறதுக்காகவே ஒரு டேப்லெட் வாங்கியிருக்கார். (மாத்திரை இல்லைங்க, கம்ப்யூட்டர் டேப்லெட்.) பில் வந்தப்போ முழுசா கட்ட முடியல. ஆறு மாசமா "மினிமம் டியூ" மட்டும் கட்டிட்டு வர்றார்.

அங்கேயே கேஸ் ஷீட் பின்பக்கம் கணக்கு போட்டோம். பாக்கி சுமார் 80,000. மாச வட்டி 3.75%. அதாவது மாசம் 3,000 ரூபாய். அந்த வட்டி மேல 18% ஜிஎஸ்டி. ஆறு மாசத்துக்கு ஏறக்குறைய 21,000 ரூபாய் போயிருக்கு. அவர் சேர்த்த பாயிண்ட்ஸோட மதிப்பு? அஞ்சாயிரத்துச் சொச்சம்.

அவர் முட்டாள் இல்ல. குழந்தைங்களுக்கு கிலோ கணக்குல டோஸ் போடும்போது ஒரு தடவை கூட தப்பு பண்ணி நான் பாத்ததில்ல. அப்படிப்பட்டவரே இந்தக் கணக்குல விழுந்தா, தப்பு ஆள்கிட்ட மட்டும் இருக்காது.

2006-ல் வெளிவந்த ஒரு பிரபலமான ஆய்வு. கார் கழுவுற கடை ஒண்ணுல 300 பேருக்கு ஸ்டாம்ப் கார்டு கொடுத்தாங்க. பாதிப் பேருக்கு 8 கட்டம் உள்ள கார்டு, எல்லாம் காலி. மீதிப் பேருக்கு 10 கட்டம், ஆனா 2 கட்டத்தில் ஏற்கனவே ஸ்டாம்ப் குத்தி கொடுத்தாச்சு. ரெண்டு பேருக்குமே தேவை இன்னும் 8 தடவைதான். முதல் கூட்டத்தில் 19% பேர் கார்டை முடிச்சாங்க. ரெண்டாவது கூட்டத்தில் 34% பேர்.

"பாதி வழி வந்துட்டோமே" என்கிற நினைப்பு மட்டுமே அந்த வித்தியாசத்துக்குக் காரணம். "வெல்கம் போனஸ்"னு கார்டு வாங்கின அன்னைக்கே பாயிண்ட்ஸ் போட்டு விடுறாங்களே, அது எதுக்குன்னு இப்ப புரியுதா?

சரி, இது எங்கிருந்து வந்ததுன்னு பாப்போம்.

1978-ல் அமெரிக்கா விமானக் கட்டணத்து மேல இருந்த அரசுக் கட்டுப்பாட்டை எடுத்துச்சு. போட்டி வந்தது. வாடிக்கையாளர் ஓடிப் போகாம இருக்க 1981 மே மாசம் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் "அட்வான்டேஜ்" திட்டத்தை ஆரம்பிச்சது. சில நாள்லயே யுனைடெட்டும் ஆரம்பிச்சது. விஷயம் எளிமை: எவ்வளவு தூரம் பறக்கிறியோ அவ்வளவு மைல், இத்தனை மைல் சேந்தா ஒரு டிக்கெட். காலியா போற சீட்டைத்தானே கொடுக்கிறாங்க, யாருக்கும் நஷ்டமில்ல. இன்னைக்கும் நம்ம மனசுல இருக்கிற படம் இதுதான்.

அந்தப் படம் செத்து பத்து வருஷம் ஆகுது. 2015-ல் டெல்டாவும் யுனைடெட்டும், 2016-ல் அமெரிக்கனும் தூரத்தை விட்டுட்டு செலவழிச்ச டாலரை எண்ண ஆரம்பிச்சாங்க. பேரு மட்டும் இன்னும் "மைல்".

அடுத்து விலைப்பட்டியலைத் தூக்கினாங்க. முன்னாடி எந்த ஊருக்கு எத்தனை மைல்னு ஒரு அட்டவணை இருக்கும். 2015-ல் டெல்டா எடுத்துடுச்சு, 2019-ல் யுனைடெட், 2023-ல் அமெரிக்கன். இப்போ ஒரு டிக்கெட்டுக்கு எத்தனை மைல்னு கம்பெனி அன்னைக்கு அன்னைக்கு முடிவு பண்ணும்.

இதை ஒரு நிமிஷம் யோசிங்க. பணத்தை அச்சடிக்கிறது அவங்க. அந்தப் பணம் செல்லுற கடையும் அவங்களோடது. கடைல விலைப்பலகையும் கிடையாது. ரிசர்வ் வங்கிக்கே இவ்வளவு அதிகாரம் இல்ல.

கடைசி ஆணி 2022. அந்த வருஷத்திலிருந்து அமெரிக்கன் ஏர்லைன்ஸ்ல கார்டு செலவும் அந்தஸ்து கணக்குல சேருது. ஒரு தடவை கூட விமானத்தில் ஏறாம, கார்டை மட்டும் தேய்ச்சே "கோல்ட்" உறுப்பினர் ஆகலாம். அடிக்கடி பறப்பவர் திட்டத்தில் பறக்கவே வேண்டாம்!

ஏன் இப்படி ஆச்சு? பணம் எங்க வருதுன்னு பாத்தா புரியும்.

2020 ஜூன். கொரோனாவில் விமானமெல்லாம் தரையில் நிக்குது. யுனைடெட்டுக்கு கடன் வேணும். எதை அடமானம் வச்சாங்க தெரியுமா? மைலேஜ் திட்டத்தை. அந்தத் திட்டத்துக்கு போட்ட மதிப்பு கிட்டத்தட்ட 22 பில்லியன் டாலர். அன்னைக்கு பங்குச் சந்தையில் யுனைடெட் பங்குகள் மொத்தத்தோட மதிப்பு ஏறக்குறைய அதில் பாதிதான். பின்னாலேயே டெல்டாவும் அமெரிக்கனும் அவங்கவங்க பாயிண்ட்ஸ் திட்டத்தைக் காட்டி பில்லியன் கணக்கில் கடன் வாங்கினாங்க.

2024-ல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் கார்டு நிறுவனம் டெல்டாவுக்குக் கொடுத்த தொகை 7.4 பில்லியன் டாலர். அந்த வருஷம் டெல்டாவோட நிகர லாபம் சுமார் 3.5 பில்லியன். (வருமானத்தையும் லாபத்தையும் அப்படியே ஒப்பிடக் கூடாதுன்னு கணக்குப் பிள்ளைகள் சண்டைக்கு வருவாங்க, சரிதான். அளவு புரியணும்னு சொன்னேன்.) அந்த கார்டு பணம் நின்னா அந்தக் கம்பெனி எப்படி இருக்கும்னு யோசிச்சுக்கோங்க.

வங்கி மொத்தமா மைல்ஸ் வாங்குது, கார்டு வச்சிருக்கிறவங்களுக்கு சில்லறையா கொடுக்குது. வங்கிக்கு அந்தப் பணம் எங்கிருந்து? ரெண்டு இடம். ஒண்ணு, எங்க ஜூனியர் மாதிரி ஆட்கள் கட்டுற வட்டி. இன்னொண்ணு, நீங்க கார்டு தேய்க்கும்போது கடைக்காரர்கிட்ட பிடிக்கிற கட்டணம். அமெரிக்காவில் அது சுமார் 2%.

கடைக்காரர் அதை கையிலிருந்தா போடுவார்? எல்லா பொருள் விலையிலும் ஏத்துவார். அப்போ காசு கொடுத்து ரொட்டி வாங்குறவரும் அதே ஏத்தின விலையைக் கொடுக்கிறார். அவருக்கு மைல் கிடையாது.

பாஸ்டன் ஃபெடரல் ரிசர்வ் வங்கி ஆய்வாளர்கள் 2010-ல் இதைக் கணக்கு போட்டாங்க. ரொக்கம் கொடுக்கிற ஒரு குடும்பம் வருஷத்துக்கு சராசரியா 149 டாலர் இழக்குது. கார்டு பயன்படுத்துற குடும்பத்துக்கு வர்றது 1,133 டாலர். பொதுவா வருமானம் குறைஞ்ச வீட்டிலிருந்து வருமானம் கூடின வீட்டுக்குப் போகுது. துப்புரவுப் பணியாளர் வாங்குற பால் பாக்கெட்ல இருந்து கம்பெனி மேனேஜரோட ஹவாய் டூருக்கு காசு போகுதுன்னு சொன்னா மிகையா தெரியும். கணக்கு அதைத்தான் சொல்லுது.

ஐரோப்பிய ஒன்றியம் 2015-ல் இந்த கிரெடிட் கார்டு கட்டணத்துக்கு 0.3% உச்சவரம்பு போட்டது. அதனாலதான் அங்கே அமெரிக்கா மாதிரி கார்டு மைல்ஸ் மழை கொட்டுறதில்ல. கட்டணத்தை வெட்டினா பரிசும் வத்திடும். பரிசு யார் காசுன்னு இதுக்கு மேல நிரூபணம் வேணுமா?

இப்போ என் துறைக்கு வர்றேன். நான் இதை எழுத உண்மையான காரணமே இதுதான்.

மருந்துக் கம்பெனி டாக்டருக்கு பரிசு கொடுக்கிறது ஏன் தப்பு? மருந்து எதுன்னு முடிவு பண்றது டாக்டர். காசு கொடுக்கிறது நோயாளி. பரிசு போறது டாக்டருக்கு. காசு ஒருத்தரோடது, முடிவு இன்னொருத்தரோடது, ஆதாயம் முடிவெடுக்கிறவருக்கு. இந்த மூணும் ஒண்ணா சேந்தா அதுக்குப் பேரு கமிஷன்.

2009 டிசம்பர்ல மெடிக்கல் கவுன்சில் இதுக்குத் தடை போட்டது. பரிசு, பயணச் செலவு, தங்கும் வசதி எதுவும் கம்பெனிகிட்ட வாங்கக் கூடாது. 2022-ல் உச்ச நீதிமன்றம், மருந்துக் கம்பெனி டாக்டர்களுக்குக் கொடுக்கிற இலவசங்களை வியாபாரச் செலவுன்னு காட்டி வரிச்சலுகை கேக்க முடியாதுன்னு தீர்ப்பு சொன்னது. "இலவசம்"னு சொல்றதோட விலை மருந்து விலையில் ஏறி நோயாளி தலையில்தான் விழுதுன்னு அந்தத் தீர்ப்பு தெளிவா பேசுது. எங்க ஆட்கள்ல சிலர் முணுமுணுத்தாங்க. நான் கை தட்டினேன். தடை இருக்கிறதால எல்லாம் சுத்தமாயிடுச்சுன்னு சொல்ல வரல. தப்புன்னு பேராவது வச்சிருக்கோம்.

இப்போ ஆபீஸ் வேலையா பறக்கிறவரைப் பாருங்க. டிக்கெட் காசு கம்பெனியோடது. எந்த விமானம்னு முடிவு பண்றது ஊழியர். மைல்ஸ் போறது ஊழியர் கணக்குக்கு. ரெண்டாயிரம் ரூபாய் கம்மியா வேற விமானம் இருந்தாலும் "எனக்கு அதுல ஸ்டேட்டஸ் இருக்கு"ன்னு விலை கூடினதையே எடுப்பார். ரெப் கொடுத்த பரிசை வாங்கிட்டு விலை கூடின பிராண்டை எழுதுற டாக்டருக்கும் இவருக்கும் என்ன வித்தியாசம்? டாக்டரைத் திட்ட பத்தாயிரம் பேர் வருவாங்க. இவருக்கு லவுஞ்ச்ல சாம்பார் வடை.

இது என் கற்பனை இல்ல. ஜெர்மனியில் 2002-ல் அரசுப் பயணத்தில் சேர்த்த மைல்ஸை சொந்தப் பயணத்துக்குப் பயன்படுத்தினாங்கன்னு அரசியல்வாதிகள் பதவி விலகினாங்க. கிரெகோர் கீசி, செம் ஓஸ்டெமிர் ரெண்டும் பெரிய பேருங்க. நம்ம மத்திய அரசிலும் 2008 முதலே விதி இருக்கு: அரசு செலவில் பறந்து வர்ற மைலேஜ் பாயிண்ட்ஸை அரசு வேலைப் பயணத்துக்கே பயன்படுத்தணும், சொந்தத்துக்கு எடுத்தா துறை நடவடிக்கை. அமெரிக்கா நேர் எதிர். அவங்க ஃபெடரல் ஊழியர்களே வச்சுக்கலாம்னு சட்டம் போட்டு விட்டுட்டாங்க.

நார்வே இன்னும் ஒரு படி மேல. 2002-ல் அந்த நாட்டு போட்டி ஆணையம், உள்நாட்டுப் பயணத்துக்கு மைல்ஸ் கொடுக்கக் கூடாதுன்னு பெரிய கம்பெனியான எஸ்ஏஎஸ்-க்கு தடை போட்டது. 2007-ல் எல்லா கம்பெனிக்கும். காரணம் நியாயமானது. ஏற்கனவே நிறைய ஊருக்குப் பறக்கிற பெரிய கம்பெனியோட மைல்ஸ்தான் வாடிக்கையாளருக்கு லாபம், புதுசா வர்றவன் எவ்வளவு கம்மி விலை கொடுத்தாலும் ஜெயிக்க முடியாது. அதே 2002-லதான் நார்வேஜியன் கம்பெனி மலிவு விலை ஜெட் சேவை ஆரம்பிச்சது, வளர்ந்தது. 2013-ல் தடையை எடுத்துட்டாங்க. பத்து வருஷத்துக்கு மேல மைல்ஸ் இல்லாம ஒரு நாடு உள்நாட்டில் பறந்திருக்கு. யாரும் செத்துப் போகல.

சரி, "என் மைல்ஸ் என் சொத்து"ன்னு நினைக்கிறவங்களுக்கு ஒரு கேஸ். அமெரிக்காவில் ஒரு யூத மதகுரு. நார்த்வெஸ்ட் கம்பெனியோட உயர் உறுப்பினர். அடிக்கடி புகார் பண்றார்னு சொல்லி 2008-ல் அவரைத் திட்டத்திலிருந்து நீக்கிட்டாங்க. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போச்சு. 2014-ல் தீர்ப்பு, நீதிபதிகள் அத்தனை பேரும் ஒரே குரல்: கம்பெனி நேர்மையா நடந்துக்கலைன்னு மாநிலச் சட்டத்தைக் காட்டி அவர் வழக்கு போட முடியாது, 1978 சட்டம் அதைத் தடுக்குது. கட்டணக் கட்டுப்பாட்டை எடுக்க வந்த சட்டம், மைல்ஸ் கொடுத்தவனுக்கு கேடயமா நின்னுடுச்சு.

நம்ம ஊர்ல கோர்ட் வரைக்கும் கூட போக வேண்டாம். 2012 அக்டோபர்ல கிங்ஃபிஷர் நின்னது. மைல்ஸும் அதோட போச்சு. 2019 ஏப்ரல்ல ஜெட் ஏர்வேஸ் நின்னது. அதோட பாயிண்ட்ஸ் திட்டம் தனிக் கம்பெனியா இருந்ததால தப்பிச்சு, அதே வருஷம் இன்டர்மைல்ஸ்னு பேரு மாத்திக்கிச்சு. விமானம் நின்ன பிறகும் மைல்ஸ் மட்டும் உயிரோட இருந்துச்சு! நான் மேல சொன்னதுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

இப்போ இண்டிகோ. 2006-ல் பறக்க ஆரம்பிச்ச கம்பெனி. 18 வருஷம் முழு அளவு மைல்ஸ் திட்டம் இல்லாமலேயே நாட்டோட உள்நாட்டுச் சந்தையில் பாதிக்கு மேல பிடிச்சது. விலையும் நேரமும் சரியா இருந்தா ஜனங்க வருவாங்கன்னு நிரூபிச்சது அவங்கதான். அவங்களே 2024-ல் ப்ளூசிப் திட்டத்தை அறிவிச்சாங்க. அதுக்கு நாலு வருஷம் முன்னாடியே கார்டு வந்துடுச்சுங்கறதையும் கவனிங்க. 2024-ல்தான் ஏர் இந்தியாவும் தூரத்தை விட்டு செலவை எண்ற முறைக்கு மாறிச்சு. அமெரிக்கா 2015-ல் போன ரோடு. நாம ஒன்பது வருஷம் கழிச்சு அதே டோல்கேட்ல நிக்கிறோம்.

அதே 2024 டிசம்பர்ல உச்ச நீதிமன்றம், கிரெடிட் கார்டு வட்டி வருஷம் 30%-க்கு மேல போகக் கூடாதுன்னு தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் போட்ட உத்தரவை ரத்து பண்ணிடுச்சு. வட்டி விவகாரம் ரிசர்வ் வங்கியோட வேலைன்னு காரணம். சட்டப்படி சரியா இருக்கலாம். ஆனா மேல ரெண்டு பத்தியையும் சேர்த்துப் படிங்க. ஒரு பக்கம் கார்டு விக்கிறதுக்குப் புது ஆசை. இன்னொரு பக்கம் வட்டிக்கு இருந்த ஒரே கயிறும் அறுந்தது.

இந்தத் திட்டங்களோட எதிர்காலம் என்னன்னு கேட்டா, பறக்கிறவங்களுக்கு இதுல எதிர்காலம் கிடையாது. கார்டு வட்டி கட்டுறவங்களை வச்சுத்தான் இது ஓடும்.

கமெண்ட்ல என்ன வரும்னு தெரியும்.

"டாக்டர், நான் மாசா மாசம் முழு பில்லும் கட்டிடுறேன். ரெண்டு தடவை சிங்கப்பூர் போயிட்டு வந்தேன். எனக்கு என்ன நஷ்டம்?" உங்களுக்கு நஷ்டம் இல்லைங்க. நீங்க கெட்டிக்காரர். நீங்க போன டிக்கெட்டுக்கு எங்க ஜூனியர் 21,000 கட்டினார், அவ்வளவுதான். உங்களை மாதிரி ஆள் யூடியூப்ல வந்து "ஃப்ரீயா பிசினஸ் கிளாஸ்ல போனேன்"னு சொல்றதைப் பாத்துதான் அவர் கார்டே வாங்கினார்.

"உலகமே இப்படித்தான் இருக்கு, நீ மட்டும் ஏன்?" 2009-க்கு முன்னாடி எங்க துறையிலும் இதே வசனத்தைத்தான் சொன்னாங்க.

"தடை போட்டா டிக்கெட் விலை ஏறும்." ஏறலாம். கார்டு கம்பெனி பணம் குறைஞ்சா கொஞ்சம் ஏறத்தான் செய்யும். அப்போ பறக்கிறவர் பறக்கிறதுக்கு உண்டான விலையைக் கொடுப்பார். பறக்காதவர் கொடுக்க மாட்டார். 2018-ல் உலக மக்கள்தொகையில் விமானம் ஏறினவங்க சுமார் 11% பேர்தான்னு ஒரு ஆய்வு சொல்லுது. மீதி 89% பேர் எதுக்கு இந்தச் செலவுல பங்கு கொடுக்கணும்? (காலநிலை மாற்றம் பத்தி தனியா ஒரு த்ரெட் எழுதணும். பிரிட்டன்ல அரசுக்கு ஆலோசனை சொல்ற காலநிலைக் குழுவுக்காக 2019-ல் எழுதின அறிக்கை இந்த மைல்ஸ் திட்டங்களையே தடை பண்ணச் சொன்னது. இப்போதைக்கு இதோட விடுறேன்.)

எனக்கு வேண்டியது மூணு விஷயம். கம்பெனி காசுல, அரசு காசுல பறந்த மைல்ஸ் காசு கொடுத்தவருக்கே போகணும். சேர்த்த பாயிண்ட்ஸோட மதிப்பைக் குறைக்கணும்னா ஒரு வருஷம் முன்னாடி எழுத்துல சொல்லணும், ஏற்கனவே சேர்த்ததுக்கு பழைய விலையே செல்லணும். மூணாவது, கார்டு விளம்பரத்தில் "ஃப்ரீ ஃப்ளைட்"னு எந்த அளவு எழுத்துல போடுறாங்களோ, அதே அளவு எழுத்துல வருஷ வட்டி 45%னு போடணும். சிகரெட் பாக்கெட் மேல நுரையீரல் படம் போட வச்சோம்ல?

நீங்க இப்போ செய்யக்கூடியது. கார்டு பில்லை எடுங்க, "ஃபைனான்ஸ் சார்ஜ்"னு ஒரு வரி இருக்கும், அதைத் தேடுங்க. அந்த இடத்தில் பூஜ்யம் இல்லைன்னா உங்க பாயிண்ட்ஸ் எல்லாம் நஷ்டக் கணக்கு, இன்னைக்கே அந்த கார்டை நிறுத்துங்க. பூஜ்யம்னா, சேர்ந்த பாயிண்ட்ஸை சேமிக்காதீங்க. ஐஸ்கிரீம் மாதிரி, வாங்கின உடனே சாப்பிடணும், வச்சா உருகும். திடீர்னு பாயிண்ட்ஸை ரத்து பண்ணாங்கன்னா ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுட்டு 1915-க்கு கூப்பிடுங்க, அது தேசிய நுகர்வோர் உதவி எண். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் "நியாயமற்ற ஒப்பந்தம்"னு ஒரு பிரிவே இருக்கு. நம்ம ஊர்ல அந்தக் கதவு இன்னும் மூடல. தட்டுறதுக்குத்தான் ஆள் இல்ல.

ஜூனியர் என்ன ஆனார்னு கேப்பீங்க. கூட்டுறவு சங்கத்துல கம்மி வட்டிக்கு கடன் வாங்கி கார்டு பாக்கியை மொத்தமா அடைச்சுட்டார். கார்டை பீரோவில் வச்சு பூட்டியாச்சு, சாவி அவங்க அம்மா கையில. டேப்லெட்டை ஓஎல்எக்ஸ்ல போட்டிருக்கார், பாதி விலைக்குத்தான் கேக்குறாங்களாம். அந்த 11,000 பாயிண்ட்ஸ் இன்னும் அப்படியே இருக்கு. சென்னை–டெல்லி ஒரு வழி டிக்கெட்டுக்கு போன வாரம் 10,500 காட்டிச்சு. நேத்து ராத்திரி டியூட்டியில் திரும்ப பாத்தோம். 14,000.